மாமா முறை வேணும்

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் கடையநல்லூரில் வேட்பாளருக்கு முன்னால் கொடி பிடித்துப் போகப் பலர் கிடைப்பார்கள். பின்னால் கோஷம் போடவும் ஆள் பஞ்சம் இல்லை. காலையில் இட்லி, மதியம் பிரியாணி என்று உறுதியானால் கூட்டம் தானே சேரும். ஆனால் வேட்பாளரின் இடது தோளை ஒட்டி, அரையடி பின்தங்கி ஒருவர் நடந்து வருவாரே, அவருக்குத்தான் மாற்று ஆள் கிடையாது. அறுபதைத் தாண்டியவர். கட்சியில் பெரிய பொறுப்பு ஏதும் இல்லை. என்றைக்கோ ஒன்றியப் பிரதிநிதியாக இருந்ததாகக் கேள்வி. மேடையில் அவருக்கு நாற்காலி போடமாட்டார்கள், சுவரொட்டியில் படம் வராது. ஊர் அவரை அண்ணாச்சி என்கிறது. அவர் பார்க்கும் வேலை ஒன்றே ஒன்று. அடுத்த வீட்டுப் படியில் கால் வைப்பதற்கு நாலு விநாடி முன்னால் வேட்பாளரின் காதில், "தம்பி, இது மாமா வீடு, அம்மை வழி" என்று சொல்வார். வேட்பாளர் உடனே கையைக் கூப்பி, "என்ன மாமா, சொகமா இருக்கியளா?" என்று உள்ளே நுழைவார். தான் இவருக்கு மாமா என்பது அந்த மாமாவுக்கும் அப்போதுதான் தெரியவரும்.

அண்ணாச்சியின் மூலதனம் வாக்காளர் பட்டியல். தேர்தல் ஆணையம் அதை வேறு காரியத்துக்காக அச்சடிக்கிறது. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம்: மற்றவர்கள் இதில் ஓட்டை எண்ணுவார்கள், அண்ணாச்சி இதில் வம்சத்தைப் படிப்பார். ஒரே வீட்டு எண்ணில் நாலு பெயர் இருந்தால் யார் மருமகள், யார் கட்டிக்கொடுக்காத மகள், எந்த மகன் கோபித்துக்கொண்டு மாமனார் வீட்டோடு போய் அடுத்த பாகத்தில் பெயர் சேர்த்திருக்கிறான் என்று விரல் வைத்துச் சொல்லிவிடுவார். ஓரத்தில் பென்சிலால் குறி இருக்கும். 'மா' என்றால் மாமன் மச்சான் வழி. 'ப' என்றால் பங்காளி. 'ச' என்றால் சம்பந்தம் பேசி முறிந்த இடம், வாசலோடு நின்றுவிட வேண்டும். கேள்விக்குறி போட்டிருந்தால் வெளியூரிலிருந்து குடிவந்தவர்கள். கேள்விக்குறிகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. பட்டியலில் பெயர் இருந்து ஆள் ரியாத்திலோ துபாயிலோ இருக்கும் வீடுகளுக்கு மட்டும் ஒரு சின்ன வட்டம். வெளிநாட்டில் இருப்பவர் நேரில் வந்தால்தான் ஓட்டுப் போடலாம் என்பது சட்டம். ஆனாலும் அந்த வட்டத்துக்குள் இருப்பவர் வெள்ளிக்கிழமை போனில் சொல்கிற வார்த்தைக்கு வீட்டில் ஐந்து ஓட்டு கட்டுப்படும் என்பது அண்ணாச்சி கணக்கு. அதனால் அந்த வீட்டுத் திண்ணையில், இல்லாத மச்சானைப் பற்றித்தான் அதிகம் விசாரிப்பார்.

கணக்கு எப்படிப் போகிறது என்பதைக் கிருஷ்ணாபுரத்துத் திண்ணை ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிற அம்மாளிடம், "யக்கா, ஒங்க தங்கச்சியைச் சொக்கம்பட்டியிலதானே கெட்டிக் குடுத்தது?" என்று தொடங்குவார். ஆமாம். "மேலத்தெரு வீட்டுலதானே?" இல்லை, நடுத்தெரு. "அதேதான்!" என்பார், தான் சொன்னதே சரியாகிவிட்ட மாதிரி. அந்தத் தங்கையின் புருஷனும் வேட்பாளரின் தாயாரும் அண்ணன் தம்பி மக்கள். ஆகவே தங்கை புருஷன் வேட்பாளருக்கு மாமன், தங்கை அத்தை; அக்காளும் அத்தை, அக்காள் வீட்டுக்காரர் மாமா. உரலில் உலக்கை விழுவதற்குள் முறை தீர்ந்துவிட்டது. ஆனால் அதே வீட்டுக்காரருக்கும் வேட்பாளரின் தகப்பனாருக்கும் பாட்டன் வழியில் இன்னொரு ஒட்டு உண்டு. அந்தப் பாதையில் போனால் அவர் சித்தப்பா ஆகிவிடுவார். எங்கேயோ ஒரு தலைமுறையில் முறை பிசகிக் கல்யாணம் நடந்திருக்கிறது. அண்ணாச்சிக்கு இது தெரியும். தெரிந்தே அந்தப் பாதையில் போகமாட்டார். சித்தப்பா என்றால் பங்காளி, பங்காளி என்றால் வரப்பு, வரப்பு என்றால் தென்காசிக் கோர்ட்டு. இரண்டு வழி இருந்தால் மாமன் வழியைப் பிடி என்பது அவருடைய சித்தாந்தம். கட்சிக்குக்கூட அவ்வளவு உறுதியான சித்தாந்தம் கிடையாது.

இது அவருடைய சாமர்த்தியம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பாதி வேலையை மொழியே முடித்து வைத்திருக்கிறது. அப்பாவின் அண்ணன் தம்பிகளும் அப்பாக்களே, அம்மாவின் அக்கா தங்கைகளும் அம்மாக்களே, அவர்கள் மக்கள் எல்லாம் நமக்கு உடன்பிறந்தவர்கள். அத்தை மக்களும் மாமன் மக்களும் மட்டும் எதிர்ப்பக்கம், கட்டிக்கொள்ளும் முறை. இந்த ஏற்பாட்டில் உலகமே இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. யாரோடு ஒரு கண்ணி கிடைத்தாலும் மிச்சத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன், செவ்விந்தியர்களான செனகா மக்கள் சொந்தத்தை எப்படி அழைக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர், தமிழ் முறைப் பெயர்களை ஒரு மிஷனரி மூலம் வரவழைத்துப் பார்த்தார். இரண்டும் ஏறத்தாழ ஒரே அச்சாக இருந்ததைக் கண்டு திகைத்துப்போய், 1871இல் பெரிய புத்தகமே போட்டார். தாமஸ் டிரவுட்மன் 1981இல் திராவிட உறவுமுறை பற்றித் தனி நூல் எழுதினார். அவர்கள் அட்டவணை போட்டுக் காட்டியதை அண்ணாச்சி செருப்பைக்கூடக் கழற்றாமல் போட்டுவிடுகிறார். போதாததற்கு, 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் கால்வாசிக்கு மேல் சொந்தத்திலேயே வாழ்க்கைப்பட்டவர்கள். செங்கோட்டை, பண்பொழி, வடகரை, அச்சன்புதூர், ஆய்க்குடி என்று ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் ஊர்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்ததால் கண்ணிகள் ஆரியங்காவைத் தாண்டிப் புனலூர் வரை போகும். அங்கே ஓட்டு இல்லை என்பது ஒன்றுதான் அண்ணாச்சிக்குக் குறை. தவிரவும் இந்த வட்டாரத்துக்காரர்களுக்குப் பயிற்சி அதிகம். ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் சென்னை, மதுரையிலிருந்தெல்லாம் திடீர்ச் சொந்தங்கள் முளைத்து வந்து துண்டும் எண்ணெயும் கேட்பார்கள். சட்டமன்றத் தேர்தல் சித்திரையை ஒட்டி வருவதால் சீசனுக்கு முன்னால் ஒரு ஒத்திகை ஆகிவிடுகிறது.

இதையெல்லாம் பார்க்கிற படித்த மனிதர் சொல்லும் முதல் குற்றச்சாட்டு தெரிந்ததுதான்: கொள்கையைப் பார்த்துப் போட வேண்டிய ஓட்டை மாமன் மச்சான் என்று கேட்டு வாங்குகிறார்கள், ஜனநாயகம் கல்யாண வீடாகிவிட்டது. குற்றம் சாட்டுகிறவரும் அண்ணாச்சியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: முறை சொன்னால் ஓட்டு விழும் என்று இருவருமே நம்புகிறார்கள். இருவரும் சொல்வது தவறு. கடையநல்லூர்த் தொகுதியில் 2016இல் முஸ்லிம் லீக்கின் கே. ஏ. எம். முகம்மது அபூபக்கர் 1,194 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஐந்து வருஷம் கழித்து அவரே மறுபடி நின்றார், அ.தி.மு.க.வின் கிருஷ்ணமுரளி என்ற குட்டியப்பாவிடம் 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகளில் தோற்றார். அந்த ஐந்து வருஷத்தில் மாமன்மார் யாரும் சித்தப்பா ஆகிவிடவில்லை. சொந்தம் அப்படியே இருக்க, ஓட்டு மட்டும் இடம் மாறுகிறது என்றால், ஓட்டைத் தள்ளியது சொந்தம் இல்லை என்றுதானே ஆகிறது? முதல் தடவை எதிரில் நின்ற அ.தி.மு.க. வேட்பாளரும் முஸ்லிம், அடுத்த தடவை அப்படியில்லை, அதனால்தான் என்பார்கள். இருக்கட்டும். அது மதக் கணக்கு. அதற்குக் கூட்டணிக் கணக்கும் சேரும். அதைப் போட அண்ணாச்சி எதற்கு? வேட்பாளர்களின் பெயரைப் பார்த்தே யாரும் போட்டுவிடலாமே. மேலும், எல்லா வேட்பாளருக்கும் ஒரு அண்ணாச்சி உண்டு. கிருஷ்ணாபுரத்து அத்தை காலையில் ஒருவருக்கு அத்தை, மாலையில் இன்னொருவருக்குச் சித்தி. இரண்டு தட்டிலும் ஒரே எடை விழுந்தால் தராசு எந்தப் பக்கம் சாயும்?

அண்ணாச்சியிடம் இந்த வாதம் எடுபடாது. நெருங்கிய முடிவுகளைத்தான் அவர் சாட்சிக்கு அழைப்பார். பக்கத்துத் தென்காசியில் 2021இல் காங்கிரஸின் பழனி நாடார் 370 ஓட்டில் கரையேறினார். 2016இல் ராதாபுரத்தில் இன்பதுரைக்குக் கிடைத்த வித்தியாசம் 49. "நாப்பத்தொம்பது ஓட்டுன்னா எத்தனை வீடுங்கிய? பத்து வீடு. ஒரு சடங்கு வீட்டுப் பந்தியில ஒக்காந்து எந்திரிச்சா முடிஞ்சிது" என்பார். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. 49 ஓட்டில் ஜெயித்த தேர்தலில் மழை பெய்யாதது, ஆட்டோ கிடைத்தது, ஒரு பூத்தில் வரிசை சீக்கிரம் நகர்ந்தது என்று எதை வேண்டுமானாலும் காரணமாகச் சொல்லலாம், சொந்தக்காரர்களும் சொல்லிக்கொள்ளட்டும். ஜெயித்தவர் பக்கத்து அண்ணாச்சிக்கு அந்த 49 பேரும் தன் கொழுந்தியாள் வழி. தோற்றவர் பக்கத்து அண்ணாச்சியைக் கேட்டால், தான் சொன்ன முறைப்படி வேட்பாளர் கூப்பிடாமல் ஓர் அத்தையைப் பெரியம்மா என்று விட்டார், அங்கேதான் போயிற்று.

அப்படியானால் இவர் வெறும் வேடிக்கை மனிதரா? இல்லை என்பதுதான் என் கட்சி. முறை கண்டுபிடிப்பதில் லாபம் இருக்கிறது. ஆனால் லாபம் அடைவது வேட்பாளர் அல்ல, திண்ணையில் உட்கார்ந்திருப்பவர். தமிழ்நாட்டுத் தலைவர்கள் எல்லாரும் சொந்தம் கொண்டாடியவர்களே. அண்ணாதுரைக்கு எல்லாரும் தம்பி, கருணாநிதிக்கும் எம்.ஜி.ஆருக்கும் உடன்பிறப்பு, ஜெயலலிதா அம்மா. இவை எல்லாம் ஒரே பக்கத்துச் சொந்தம்: தாய், அண்ணன், தம்பி. மாநில அளவில் எந்தத் தலைவரும் வாக்காளனை மாமா என்றோ மச்சான் என்றோ மேடையிலிருந்து அழைத்ததாக நான் அறியவில்லை. அதில் ஒரு முன்ஜாக்கிரதை இருக்கிறது. அம்மாவை எதிர்த்துப் பேச முடியாது, அண்ணனைக் கேலி செய்ய முடியாது. மச்சானையோ கேலி செய்யாவிட்டால்தான் தப்பு. தாய்மாமன் சீர் குறைந்தால் சபையில் கேட்டுவிடலாம், அது உரிமை. கடையநல்லூர் அண்ணாச்சி தன்னை அறியாமல் செய்கிற புரட்சி இதுதான்: தலைவனின் தம்பியாக அடங்கி நின்றவனை வேட்பாளரின் மாமனாக நிமிர்த்தி உட்கார வைக்கிறார்.

அதன் பலனை உடனே கேட்கலாம். "யாரு, மருமவனா? வாங்க. போன எலெக்‌ஷனுக்கு வந்த மருமவனும் இப்பிடித்தான் கும்பிட்டான். வாறுகால் அள்ளி எத்தனை மாசம் ஆவுதுன்னு பாத்துட்டுப் போங்க. தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்க வருதுன்னு ஒங்க அத்தைகிட்டக் கேளுங்க. பொறவு ஓட்டைப் பத்திப் பேசுவோம்." முறை சொல்லாமல் வந்திருந்தால் இதே மனிதர் எழுந்து நின்று, துண்டை இடுப்புக்கு இறக்கி, "போட்டுருவோம்யா" என்று இரண்டு வார்த்தையில் அனுப்பியிருப்பார். முறை சொன்னதால் வேட்பாளர் உட்கார வேண்டியதாயிற்று. உட்கார்ந்ததால் காப்பி வந்தது. காப்பி ஆறும் வரை கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. பின்னால் நிற்கிற கூட்டம் முன்னிலையில் நெசவுக்கூலி, உரவிலை, கருப்பாநதித் தண்ணீர் எல்லாம் மருமகன் தலையில் இறங்குகின்றன. அதிகாரியிடம் மனுவாகக் கொடுத்தால் 'ஐயா அவர்களுக்கு' என்று ஆரம்பித்து 'தாழ்மையுடன்' முடிக்க வேண்டிய விஷயம். மருமகனிடம் என்றால் தாழ்மை தேவையில்லை.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது: சொந்தம் என்று சொல்வதெல்லாம் சாதிக்கு மரியாதையான பெயர். இதை முழுசாக மறுக்க முடியாது. சாதி, மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி ஊழல் நடவடிக்கை; வாக்காளரின் சாதி மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் நாலு பேர் தீர்ப்பளித்தார்கள். அத்தை முறை சொல்லிக் கேட்கக் கூடாது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. அந்தச் சந்து வழியாகச் சாதி உள்ளே வந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் அண்ணாச்சியோடு நாலு தெரு நடந்தால் படம் கொஞ்சம் மாறும். பள்ளிவாசல் தெருவில் அவர் மாமா, மச்சான் என்று தாராளமாகப் புழங்குவார், அவர்களும் அப்படியே. இரண்டு பக்கமும் பெண் கொடுத்து எடுத்ததில்லை, இருந்தும் கேலிக்கு உரிய முறையே கைமாறுகிறது. தறிப்பாவு, சந்தை, ஒரே பள்ளிக்கூட பெஞ்சு இவற்றில் விளைந்த முறை அது. தலித் மக்களின் குடியிருப்புக்குள் போகும்போதுதான் அவர் நாக்கு தடுமாறும். அங்கே அவர் பட்டியலில் 'மா' கிடையாது. தம்பி, தாயி என்று உடன்பிறப்பு முறையோடு நின்றுகொள்வார். தலைவர்கள் செய்த அதே முன்ஜாக்கிரதை. மச்சான் என்றால் கேலி செய்வான், கேள்வி கேட்பான், இன்னும் எதையெதையோ கேட்டுவிடுவான் என்கிற பயம். தென்காசிப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் பல நூறு தலித் மக்கள் ஒரே நாளில் இஸ்லாத்துக்குப் போனார்கள். டெல்லி வரை பேசப்பட்ட விஷயம். பேர் மாறிய பிறகு அதே மனிதரை அண்ணாச்சிமார் எந்த முறை சொல்லி அழைப்பது என்று திணறியிருந்தால், அந்தத் திணறலிலேயே அவர்கள் ஏன் போனார்கள் என்பதற்கும் பாதிப் பதில் இருக்கிறது. அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டிய பெரிய குறை இதுதான்: அவர் சொந்தம் தேடுகிறார் என்பதல்ல, சில தெருக்களில் தேடாமல் விட்டுவிடுகிறார்.

இந்தப் பழக்கத்தைக் கிராமத்து அறியாமை என்று தள்ளுகிறவர்கள் பராக் ஒபாமாவை என்ன செய்வார்கள்? 2011 மே மாதம், மறு வருஷம் தேர்தலை வைத்துக்கொண்டு, அயர்லாந்தில் மணிகால் என்ற சின்ன ஊருக்குப் போனார். தாய்வழி மூதாதை ஒருவர் 1850இல் அங்கிருந்து கப்பலேறியவர். ஹென்றி ஹீலி என்ற உள்ளூர்க்காரர் எட்டாம் தலைமுறைப் பங்காளியாகக் கண்டுபிடிக்கப்பட்டு, இருவரும் சேர்ந்து மது அருந்தியதை உலகமே பார்த்தது. எட்டாம் தலைமுறை! கடையநல்லூர் அண்ணாச்சி நாலாவதைத் தாண்டினால் தானே வெட்கப்பட்டுக்கொள்வார். நம் பக்கத்திலும் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் கமலா ஹாரிஸுக்காக 2020இலும் 2024இலும் கோயிலில் அர்ச்சனை செய்தது. தாத்தா கோபாலன் பிறந்த வழியில் ஊருக்கே அவர் பெண். அந்த ஊரில் அமெரிக்க ஓட்டு ஒன்றுகூடக் கிடையாது. ஓட்டே இல்லாத இடத்திலும் சொந்தம் கொண்டாடுகிறார்கள் என்றால், சொந்தம் கொண்டாடுவது ஓட்டுக்காக மட்டும் இல்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

இப்போதெல்லாம் பணம்தான் பேசுகிறது, வாட்ஸ்அப்தான் வீடு வீடாகப் போகிறது, இவர் காலம் முடிந்துவிட்டது என்றும் சொல்கிறார்கள். பணம் பேசுவது பொய்யில்லை, ஆர்.கே. நகரில் 2017இலும் வேலூர் மக்களவைத் தொகுதியில் 2019இலும் பண விநியோகத்துக்காகத் தேர்தலையே ரத்து செய்தார்கள். ஆனால் பணம் வாங்கியவர் அதற்கப்புறம் வாறுகாலைப் பற்றி வாயைத் திறக்கக் கூசுகிறார். மாமா முறையை வாங்கிக்கொண்டவருக்கு அந்தக் கூச்சம் இல்லை. வாட்ஸ்அப்பில் வருகிற வேட்பாளருக்குக் காப்பி கொடுத்து உட்கார வைக்கவும் முடியாது. அண்ணாச்சியின் தொழிலுக்கு உண்மையான ஆபத்து வேறு பக்கமிருந்து வருகிறது. ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொள்கிற வீடுகளில் அடுத்த தலைமுறைக்கு மாமனும் இருக்கமாட்டார், அத்தையும் இருக்கமாட்டார். கண்ணி கோக்கப் பொருளே இருக்காது.

அதைவிடப் பெரிய ரகசியம் ஒன்று உண்டு. அண்ணாச்சி தலையில் இருப்பதாக ஊர் நம்புகிற அத்தனை வம்சாவளியும் அவர் வீட்டு அடுக்களையிலிருந்து வந்தது. இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபடி, "சொக்கம்பட்டியில அந்த ரெண்டாவது மருமவ எந்த ஊருக்காரி?" என்று கேட்பார், அவர் மனைவி தோசைக்கல்லிலிருந்து திரும்பாமலே மூன்று தலைமுறை சொல்லுவார், நடுவில் யாருக்கு எந்தக் கல்யாணத்தில் மனத்தாங்கல் என்பதையும் சேர்த்து. தமிழ்நாட்டு வாக்காளரில் பெண்கள் ஆண்களைவிட அதிகம். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இலேயே சட்டம் ஆயிற்று. 2022 பிப்ரவரியில் நகராட்சித் தேர்தல் நடந்தபோது அந்தச் சட்டப்படி ஊருக்கு ஊர் பாதி வார்டுகளில் பெண்கள் நின்றார்கள். அண்ணாச்சிக்கு வந்த சோதனை அங்கேதான். பெண் வேட்பாளர் திண்ணையில் நிற்பதில்லை. நேரே அடுக்களைக்குப் போய்விடுகிறார். அண்ணாச்சி வெளியே வெயிலில், கணக்குப் போட ஆளில்லாமல் நிற்பார். அரைமணி கழித்து அந்த அம்மாள் வெளியே வந்ததும், "அவுக ஒனக்கு அத்தை முறைன்னு சொன்னியாம்மா?" என்று ஆவலோடு கேட்பார். "அத்தையெல்லாம் இல்ல அண்ணாச்சி, சின்னம்மை. அது கெடக்கட்டும். மருமவ பேரை ரேஷன் கார்டுல இன்னும் சேக்கலையாம், அதை மொதல்ல எழுதுங்க."